லிபர்ட்டி நெற்றியில் ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று காலை என் வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தி, வலது கை மோதிர விரலை அந்தரத்தில் நிறுத்தியபடி அசையாமல் நின்றார். விரல் நுனியில் குங்குமம். எதிரே வரிசையாக லேப்டாப், கார் சாவி, என் தையல் மிஷின், மகள் நித்யாவின் வயலின், பிரஷர் குக்கர், ஸ்க்ரூ டிரைவர் பெட்டி. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றேன். கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

கறுப்பு வெல்வெட் துணி விரித்த ஒரு தட்டு. அதில் அவருடைய பூதக்கண்ணாடி, ஒரு மெல்லிய பிரஷ், பக்கத்தில் பழைய செம்புக் காசு ஒன்று. காசில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம், பின்னால் பறக்கும் தலைமுடி. அமெரிக்காவின் சுதந்திர தேவி, லிபர்ட்டி அம்மாள். அவள் நெற்றியில், பூசாரி வைத்தது போல் அத்தனை நேர்த்தியாக, ஈரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஓ மை காட், ஷி லுக்ஸ் லைக் பெரியம்மா!" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "இது நம்மளுது இல்ல, சுமதி," என்றார். "டாரத்தியோடது."

குறை காணும் உத்தியோகம்

அமெரிக்காவில் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊருக்கு வந்து சேர்ந்ததையும், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நான் கார் ஓட்டிப் பழகிய லட்சணத்தையும் முன்பே எழுதிவிட்டேன். காசு வந்த கதையை மட்டும் இத்தனை நாள் தள்ளிப்போட்டு வந்தேன். காரணம், அவர் இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறார். படித்துவிட்டு மார்க்கும் போடுகிறார்.

அவர் பெயர் சண்முகம். ஒரு மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதி முடித்ததை எடுத்து, எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்கும் வேலை. ஊரில் இப்படிக் குறை சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும். இங்கே சம்பளமும் டென்டல் இன்ஷூரன்ஸும் கொடுத்தார்கள்.

அவருக்கேற்ற பொழுதுபோக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. நான் ஒரு தோசைக்கல் கிடைக்குமா என்று பழைய இரும்புச் சாமான்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து மேஜையில் ஒரு பெரிய பழுப்புக் காசைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் ஊரில் முன்பு இருந்ததே, அந்தப் பெரிய ஒரு ரூபாய், அந்த அளவு. ஆனால் அது ஒரு ரூபாயும் இல்லை, ஒரு டாலரும் இல்லை. ஒரே ஒரு சென்ட்.

இந்த நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில் சென்ட் காசை இப்படித்தான் அடித்தார்களாம், முழுச் செம்பில். உள்நாட்டுப் போருக்குச் சில வருஷங்கள் முன்பு நிறுத்திவிட்டார்கள். ஆரம்ப காலத்தில் அச்சுகளை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டியதால், ஒரே வருஷத்துக் காசிலேயே பல வகை உண்டு. ஒன்றில் பின்பக்க இலை வளையத்தின் காம்பு நீண்டிருக்கும். இன்னொன்றில் எழுத்து ஒன்று சரிந்திருக்கும். அடித்து அடித்து அச்சில் விரிசல் விட்டால், அந்த விரிசலும் காசில் கோடாக விழும்.

"இந்தக் கோட்ட வெச்சே எந்தக் காசு முன்னாடி அடிச்சது, எந்தக் காசு பின்னாடி அடிச்சதுன்னு சொல்லிப்போடலாம், சுமதி," என்று காரில் வரும்போது சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. தோசைக்கல் கிடைக்காத கோபத்தில் இருந்ததால் அப்போது அதை ரசிக்கவில்லை.

எழுபதுக்கு எத்தனை?

செம்புக் காசுக்கு மார்க் போடுவது தனிக் கலை. மொத்தம் எழுபது. முதலில் தேய்மானத்தைப் பார்த்து ஒரு மார்க். பிறகு கழித்தல் ஆரம்பிக்கும். கீறலுக்குக் கழிப்பார்கள், களிம்புக்குக் கழிப்பார்கள், விளிம்பு அடிபட்டிருந்தால் கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் நிகர மார்க். அதை அவர்கள் 'நெட்' என்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. இதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுச் செம்புக் குடம் மின்னாவிட்டால் வந்தவர்கள் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். இங்கே என்னவென்றால், பழுப்பேறிக் கிடந்தால்தான் மரியாதை. ஒருமுறை வேண்டுமென்றே, "கொஞ்சம் புளி போட்டு விளக்கித் தரட்டுங்களா?" என்று கேட்டேன். அன்று முழுக்க அவருடைய அறைக் கதவு சாத்தியே இருந்தது.

காசோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு மார்க். எடிசன் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய முருங்கைக்காய்க்கு மார்க். என் ரசத்துக்கு, "நாப்பது குடுக்கலாம். கொத்தமல்லி வாடிப்போச்சு, அதனால நெட் முப்பத்தஞ்சு." எழுபது மட்டும் எதற்கும் கிடையாது. "எழுவதுன்னா ஒரு குறையும் இருக்கக் கூடாது, அப்புடி ஒண்ணு ஒலகத்துல இல்ல," என்பார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு எத்தன குடுத்தீங்க?" என்று ஒருநாள் மடக்கினேன்.

அன்று அவர் வீட்டிலிருந்து வந்த பெரிய படையை இங்கே சொல்ல வேண்டும். அவருடைய அத்தை ஒருத்தர் என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து, வெளிச்சத்தில் பார்த்தார். முடி சொந்த முடிதானா என்று பின்னலை இழுத்தும் பார்த்தார். பூதக்கண்ணாடி ஒன்றுதான் குறை. மாப்பிள்ளையாக வந்த இவரோ தலையை நிமிர்த்தாமல் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு கிரேடிங்கே தெரியாதே," என்று தப்பித்துக்கொண்டார். பஜ்ஜிக்கு என்ன மார்க் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பல் டாக்டர் டாரத்தி

ஞாயிறுதோறும் பக்கத்து ஊர் நூலகத்தின் பின்னறையில் செம்புக் காசுக்காரர்கள் கூடுவார்கள். அங்கே இவர் ஒருவர்தான் இந்தியர். சண்முகம் என்ற பெயரை வாயில் நுழைக்க முடியாமல் எல்லாரும் ஷான் ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் சிம்ம சொப்பனம் டாரத்தி. தொழில் பல் வைத்தியம். ஐம்பதைத் தாண்டியவர், குட்டை முடி, சிரிப்பு அபூர்வம். நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரியே காசையும் பார்ப்பார் என்று இவர் சொல்வார். யாருடைய காசானாலும் முகத்துக்கு நேரே கழித்துவிடுவார். அதனாலேயே அவர் கொடுத்த மார்க்கை மறுத்துப் பேச ஆள் கிடையாது, இவரைத் தவிர. இரண்டு பேரும் ஒரு மார்க்குக்காக காபி ஆறும்வரை வாதாடுவார்களாம். எங்கள் வீட்டில் என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசாத மனுஷர்.

டாரத்தியிடம் ஒரு காசு இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவர் அப்பாவோடு கடைகடையாக அலைந்து வாங்கிய முதல் காசு. அதை அவர் யார் கையிலும் கொடுத்து அனுப்பியதில்லை. கூட்டத்தில் காட்டுவார், பெட்டியில் வைப்பார், அவ்வளவுதான்.

இவர் சந்தையில் வாங்கிய காசும் டாரத்தியின் காசும் ஒரே அச்சில் பிறந்தவை என்று இவருக்குச் சந்தேகம். டாரத்தியின் காசில் லிபர்ட்டியின் முடிக்குப் பின்னால் ஒரு விரிசல் கோடு ஓடுகிறது. இவர் காசில் அது தெரியவில்லை. விரிசல் விடுவதற்கு முன் அடித்ததா, இல்லை தேய்ந்து மறைந்துவிட்டதா? இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தால்தான் தெரியும்.

கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு வழியாகக் கேட்டும்விட்டார். டாரத்தி காசை ஒரு சின்ன உறையில் போட்டு, "ஒரு வாரம், ஷான்," என்று கையில் வைத்தாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவரின் நடையே வேறாக இருந்தது. கிரீன் கார்டு வந்தபோதுகூட அப்படி நடக்கவில்லை. எனக்கும் நித்யாவுக்கும் ஒரு நீண்ட பிரசங்கம் நடந்தது. விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். காசுக்கு மேலே குனிந்து பேசக் கூடாது, எச்சில் துளி பட்டால் கறை விழும். தும்மல் வந்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். நாங்கள் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

ஒரு நிமிடம்தான் பாக்கி

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

பூஜை செய்யும்போது கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அவர் அண்ணன் போனில் இருந்தாக வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். அப்போதெல்லாம் முன்பணம் கொடுத்து வாங்கும் போன் கார்டுதான். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் இடையில் வந்து, இன்னும் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று சொல்லும். அண்ணன் கற்பூரம் காட்டும்போது அடிக்கும் மணியைக் காதால் கேட்காவிட்டால் பூஜை செல்லாது என்று இவருக்கு ஒரு நம்பிக்கை.

"காருக்கு எலுமிச்சம்பழம் வெச்சியாடா?" என்று ஸ்பீக்கரில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் வந்து ஒரு நிமிடம் என்றது. இவருக்குக் கை பறந்தது. தன் அறைக்கு ஓடி, பூதக்கண்ணாடியும் பிரஷ்ஷும் இருந்த வெல்வெட் தட்டை அப்படியே தூக்கிவந்து வரிசையில் வைத்தார். காலையில் பார்த்துக்கொண்டிருந்த காசு தட்டிலேயே இருந்ததை மறந்துவிட்டார். சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என்று விரல் ஓடியது.

கண்ணாடிக்குப் பொட்டு கைப்பிடியில் வைத்தார். பிரஷ்ஷுக்குக் காம்பில் வைத்தார். அடுத்து ஒரு முகம். சுவாமி படங்களுக்கு வைத்துப் பழகிய விரல் முகத்தைக் கண்டதும் நேராக நெற்றிக்குப் போய்விட்டது.

நானோ நித்யாவோ தும்மியிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்ட ஆள் இருந்திருக்கும். தப்பைச் செய்தது சாட்சாத் பிரசங்கம் செய்தவரே.

"மணியடிச்சாச்சாடா?" என்று அண்ணன் கேட்கும்போது கார்டு தீர்ந்துபோனது.

நித்யா தன் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுவந்து நீட்டினாள். "அதுல வாசனையெல்லாம் கலந்திருக்கும், கொண்டுபோ கண்ணு," என்று இவர் அலறினார். ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்திருந்த, கறை நீக்கும் சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை விளிம்பில் பிடித்து அதில் இறக்கினார். தேய்க்கக் கூடாதே, அதனால் கிண்ணத்தை மட்டும் மெல்ல ஆட்டினார். குங்குமம் இளஞ்சிவப்பாகப் பிரிந்து போனது. சந்தனத்தூள் அடியில் படிந்தது. காசை எடுத்துக் காய வைத்து விளக்கடியில் பார்த்தால், பழுப்பு நெற்றியில் மிளகு அளவுக்கு ஒரு வெளிர் வட்டம். குங்குமத்தில் இருக்கும் சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை என்றார்.

அன்று பூஜைச் சர்க்கரைப் பொங்கலுக்கு அவர் மார்க் போடவில்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

"அந்தம்மா கவனிக்குமாங்க? சின்னதாத்தான தெரியுது," என்று கேட்டுப் பார்த்தேன்.

"போன மாசம் என் பல்லிடுக்குல இருந்த முருங்கக்காய் நாரையே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கண்டுபுடிச்சா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கண்டுபுடிக்காட்டியும் நான் சொல்லோணும், சுமதி. அவிய அப்பா கூடப் போயி வாங்குனது. நம்பிக் குடுத்தா," என்றார். எழுந்து போய்விட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காரணங்களுக்காக அவர்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், படிக்கட்டும்.

இரண்டா, மூன்றா?

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். துணைக்குப் போனால் வெறுங்கையோடு போவதா என்று ஒரு டப்பா நிறைய சுண்டல் தாளித்து எடுத்துப் போனேன். நூலகத்துப் பின்னறையில் மேஜைக்கு மேஜை விளக்கு, வெல்வெட் துணி, குனிந்த தலைகள். டப்பாவைத் திறந்ததும் கடுகும் பெருங்காயமும் மணக்க, ஒரு பெரியவர் என் எண்ணெய்க் கையைப் பார்த்துத் தன் காசுகளை அவசரமாக மூடினார். டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

டாரத்தி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். உறையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இவர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பூஜை, போன் கார்டு, அண்ணன், நெற்றி. நடுவில் எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. டாரத்தி காசை எடுத்து விளக்கடியில் சாய்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குச் சுண்டல் டப்பா கனத்தது.

"வருஷத்துக்கு ஒருமுறை கருவிகளுக்குப் பொட்டு வைப்பீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம். நமக்குச் சோறு போடுகிறவை எல்லாவற்றுக்கும்," என்றார் இவர்.

"இது உனக்குச் சோறு போடவில்லை."

"இல்லை," என்று தலைகுனிந்தார்.

"இருபதாக இருந்தது. இரண்டு கழிக்கிறேன். நெட் பதினெட்டு."

அத்தோடு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடியிருக்கலாம். என் வீட்டுக்காரரால் முடியுமா? தலையை நிமிர்த்தி, "இரண்டு போதாது, டாரத்தி. நெற்றி முக்கியமான இடம். மூன்று கழிக்க வேண்டும்," என்றார்.

"இரண்டு."

"மூன்று. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நீயே மூன்று கழித்திருப்பாய்."

"ஷான், பேசாதே," என்று டாரத்தி காசை உறைக்குள் போட்டார், உறையைப் பெட்டிக்குள் வைத்தார், எழுந்து போய்விட்டார். இவருக்காக ஒரு மார்க் விட்டுக்கொடுத்ததை இவரே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாரே. சுண்டலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் டாரத்தி இவருக்கு எதிரில் உட்காரவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வரும், அவ்வளவுதான். மார்க்குக்காக வாதாட ஆள் இல்லாமல் இவர் சீக்கிரமே வீடு திரும்பினார். சந்தையில் வாங்கிய காசை எடுத்துப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ரசத்தை மட்டும் பேசாமல் குடித்தார். முப்பத்தைந்து என்று ஒரு குரல் வராதா என்று நான் ஏங்கும்படி ஆகிவிட்டது.

காரில் பூட்டிய பெட்டி

அடுத்த ஆயுத பூஜை. இந்த முறை வெல்வெட் தட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. சந்தனம் கரைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மணியடித்தது. திறந்தால் டாரத்தி.

"இன்றுதான் உங்கள் பூஜை என்று உன் கணவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்," என்றவர் எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தன் ஷூவையும் கழற்றினார். பையிலிருந்து ஒரு மடக்குப் பூதக்கண்ணாடியையும், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் பல் வைத்தியக் கண்ணாடியையும் எடுத்தார். "இவை இரண்டும் எனக்குச் சோறு போடுகின்றன. காசுகள் காரில் இருக்கின்றன. காரைப் பூட்டியிருக்கிறேன்."

இவர் மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். பல் கண்ணாடிக்கு ஒரு பொட்டு, பூதக்கண்ணாடியின் மடக்கு மூடியில் ஒரு பொட்டு. அண்ணன் போனில் மணியோசை கேட்டார். வழக்கம்போல் கற்பூரப் புகைக்கு ஸ்மோக் அலாரம் கத்தியது. டாரத்தி சோபா நுனியில் உட்கார்ந்து சுண்டலைக் கரண்டியால் சாப்பிட்டார்.

"முடிந்துவிட்டதா?" என்று என்னைக் கேட்டார்.

"முடிந்தது."

"நிச்சயமாக? அப்படியானால் அவரைக் கை கழுவச் சொல்."

அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். டாரத்தி காருக்குப் போய் ஒரு சின்ன உறையோடு திரும்பினார். உள்ளே அதே காசு, நெற்றியில் அதே வட்டம். "பார்க்கும் வேலை பாதியில் நிற்கிறதே. ஒரு வாரம், ஷான்," என்றார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். காசை வெளிச்சத்தில் சாய்த்து, "இப்பவும் சொல்கிறேன், பதினேழுதான்," என்றார்.

"பதினெட்டு!" என்று டாரத்தி தன் பூதக்கண்ணாடியை விரித்துக் கண்ணோடு ஒட்டிக் குனிந்தார். அதன் மூடியில் இருந்த ஈரச் சந்தனமும் குங்குமமும் அவர் புருவத்துக்கு மேலே அழுந்தப் பதிந்தன. அவர் கவனிக்கவில்லை. "அம்மா, ஷி ஹாஸ் எ..." என்று ஆரம்பித்த நித்யாவின் கையைக் கிள்ளினேன். இருவரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். எங்கள் வீட்டில் மார்க் சொல்லும் அந்த இனிய குரலை நான் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது.

டாரத்தி வீடு போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஷான், என் நெற்றிக்கு எத்தனை கழிப்பாய்?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

இவர், "ஒண்ணும் கழிக்க மாட்டேன். செவன்ட்டி," என்றார். பாதி தமிழில் சொன்னதைக்கூட அவர் உணரவில்லை.

அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்று சொன்ன மனுஷர். போகட்டும், எனக்கு வருத்தமில்லை. நேற்று வைத்த ரசம் நெட் முப்பத்தாறு.